பத்துச் செக்கன் பொறுங்கோ: யாழ்ப்பாணம், வலிகாமத்து வீடொன்றில் மூன்று வருடம்

2022 யூலை. பெற்றோல் வரிசை ஒரு சந்தியில் தொடங்கி அடுத்த சந்தி வரைக்கும் கிடந்த நாட்கள். அந்த வீட்டுக்கு நான் முதல்முறை போனது சைக்கிளில், பத்து மணி வெயிலில், செம்மண் ஒழுங்கைகளில் வழி கேட்டுக் கேட்டு. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ப் பழக்கிக்கொடுப்பது என் வேலை. பிள்ளை நாலு மாதமாகக் கிளினிக்குக்கு வரவில்லை, ஒருக்கால் எட்டிப் பாருங்கோ என்று அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் சொல்லியிருந்தார். ஏன் வரவில்லை என்று கேட்கவே தேவையில்லை, ஓட்டோவுக்கு எண்ணெய் இல்லை.

ஊர்ப் பெயர் வேண்டாம், பிள்ளையின் பெயரும் வேண்டாம். வீட்டில் கூப்பிடுவதுபோல சின்னவன் என்றே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காணமுடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன், மற்றபடி நடந்தது நடந்தபடி.

"வாங்கோ பிள்ளை, இருங்கோ. ஆனா உங்களுக்குச் சும்மா அலைச்சல். இவனுக்கு ஒண்டும் விளங்காது" என்றார் அம்மம்மா. சொல்லிக்கொண்டே, மடியில் மல்லாக்கக் கிடந்த நாலு வயதுப் பிள்ளையின் வாயில் குழைத்த சோற்றை விரலால் வழித்து வைத்தார். அவன் முதல் வாயை இன்னும் விழுங்கவில்லை, அடுத்த உருண்டை கையில் உருண்டுகொண்டிருந்தது. தலை பின்னால் சரிந்து, கழுத்து வில் மாதிரி வளைந்து, மூச்சில் ஒரு களகளப்பு.

அந்த நேரம் ஒன்று கவனித்தேன். சின்னவனின் கண் சட்டென்று படலைப் பக்கம் போனது. அங்கே யாரும் இல்லை. கொஞ்சம் கழித்துத்தான் ஒழுங்கைத் தொங்கலில் ஒரு சைக்கிள் மணி எங்களுக்குக் கேட்டது, அப்புறம் தோட்டத்தால் தகப்பன் வந்து இறங்கினார். எங்கள் எல்லோருக்கும் முதல் அது அவனுக்குக் கேட்டிருக்கிறது, அது ஆருடைய மணி என்றும் தெரிந்திருக்கிறது. ஒன்றும் விளங்காத பிள்ளையாம்!

கிளினிக் கொப்பியில் "சி.பி." என்று இரண்டு எழுத்து. மூளை முடக்குவாதம். வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கு, பிறக்கும் முன்போ பிறக்கும்போதோ பிறந்து சிறிது காலத்திலோ ஏற்பட்ட காயத்தால் தசைகளை ஆளும் பகுதி பழுதாவது. ஆயிரம் பிறப்புக்கு இரண்டு பிள்ளை என்ற அளவில் உலகம் முழுக்கக் காணப்படுவது, அபூர்வமான ஒன்றில்லை. மூளையில் உள்ள காயம் கூடிக்கொண்டு போகாது. ஆனால் பிள்ளை வளர வளர இறுகின தசை எலும்பை இழுக்கும், மூட்டு விலகும், முதுகு கோணும். அதனால்தான் "பிறவிக் குறை, இனி என்ன செய்யிறது" என்று விட்டுவிட முடியாது. இயக்கத்தை ஐந்து நிலையாகப் பிரிப்பார்கள். முதலாவது நிலைப் பிள்ளை ஓடித் திரியும், ஐந்தாவது நிலைப் பிள்ளைக்குத் தலையை நிமிர்த்திப் பிடிப்பதே பாடு. சின்னவன் நாலாவது. தாங்கிப் பிடித்தால் இருப்பான், தனிய எழும்பமாட்டான், வலது கை ஓரளவு போகும், இடது கை எப்போதும் பொத்தியபடி. பேச்சு இல்லை.

அவன் பிறந்தபோது பிரசவம் நீண்டு போய்விட்டது, பிள்ளை உடனே அழவில்லை, ஒன்பது நாள் குழந்தைகள் பிரிவில் வைத்திருந்தார்கள். இவ்வளவும் கொப்பியில் இருக்கிறது. கொப்பியில் இல்லாத ஒன்றைத் தாய் மூன்றாம் முறை நான் போனபோதுதான் சொன்னார், அதுவும் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய்: "நான் பிள்ளைத்தாச்சியா இருக்கேக்க கிரகணத்தண்டு வெளியில நிண்டிட்டன் மிஸ். அதுதான் எண்டு மாமி ஆக்கள் கதைக்கினம்." நாலு வருடமாக அந்தச் சொல்லைச் சுமந்திருக்கிறார். கொப்பியை விரித்து அந்த ஒன்பது நாளைக் காட்டி, மூளைக்கு ஒட்சிசன் போகாமல் விட்டால் என்ன நடக்கும் என்று ஆறுதலாகச் சொன்னேன். கிரகணத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று மூன்று தரம் சொல்லவேண்டியிருந்தது. பிறகு அதே கதையைத் தகப்பனை வைத்துக்கொண்டு மாமியாருக்கும் சொன்னேன், அது இன்னும் கஷ்டமான வேலை.

அதற்கு முந்திய அலைச்சல்களையும் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் இப்படியான வீடுகளுக்கு ஒரு வழமையான பாதை இருக்கிறது. முதலில் ஆஸ்பத்திரி, பிறகு பரியாரியார் எண்ணெய், பிறகு நேர்த்தி. செல்வச்சந்நிதி கோயிலில் வைத்த நேர்த்தி, நல்லூரில் தகப்பன் எடுத்த காவடி. அதன்பிறகு வெளிநாட்டுச் சொந்தம். கனடாவில் இருக்கும் மாமா காசு அனுப்ப, சின்னவனுக்கு இரண்டு வயதாக முன்னமே சென்னைக்குக் கொண்டுபோய் ஸ்டெம் செல் ஊசி போட்டு வந்திருக்கிறார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். மூளை முடக்குவாதத்துக்கு அது வழமையான, நிறுவப்பட்ட சிகிச்சை இல்லை என்பதை அவர்களுக்கு அங்கே யாரும் சொல்லவில்லை. போன காசில் தாயின் தாலிக்கொடியும் ஒரு பங்கு. அதே மாமா ஒரு சக்கர நாற்காலியும் அனுப்பியிருந்தார். பெரிய பிள்ளைக்குரியது, பளபளவென்று, வீட்டு வாசலுக்குள் போகாது, முற்றத்து மணலில் ஓடாது. நான் போன நேரம் அதில் துவாய் காய்ந்துகொண்டிருந்தது. மாமாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, தூரத்தில் இருப்பவருக்குப் பாசத்தைக் காட்ட வேறு வழி தெரிவதில்லை. ஆனால் அந்தக் காசில் பாதிக்கு இங்கேயே பிள்ளையை அளந்து வேண்டியதெல்லாம் செய்திருக்கலாம் என்பதைச் சொல்லாமல் விடவும் முடியவில்லை.

இனி என் பிழை. இரண்டாம் முறை போகும்போது ஒரு தாள் கொண்டுபோனேன். பன்னிரண்டு பயிற்சி, படத்தோடு. ஒவ்வொன்றும் பத்துத் தரம், நாளுக்கு மூன்று வேளை. அழகான தாள், நானே கீறினது. மூன்று கிழமை கழித்துப் போய்க் கேட்டால் தாய், "ஓம் மிஸ், செய்யிறனாங்கள்" என்கிறார். பிள்ளையின் கணுக்காலைப் பிடித்துப் பார்த்தாலே தெரிகிறது செய்யவில்லை என்று. தாளைத் தேடினால் அது நாட்காட்டிக்குப் பின்னால், மடிப்புக்கூடக் கலையாமல். எனக்குக் கோபம் வந்தது, பிறகு சைக்கிளில் திரும்பும் வழியில்தான் கணக்குப் பார்த்தேன். விடிய நாலரைக்கு எழும்பி, அடுப்பு மூட்டி (காஸ் இல்லாத காலம், விறகு), மூத்தவளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தி, வெங்காயம் நடுகைக் காலத்தில் தோட்டத்துக்கும் போய், நடுவில் இவனை இருபது தரத்துக்கு மேல் தூக்கி இறக்குகிற ஒரு மனுசிக்கு, நான் நாளுக்கு இரண்டு மணித்தியால வேலையைப் புதிதாகக் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். இந்த வீடுகளுக்குப் போகிற எல்லோரும் இதைத்தான் செய்கிறோம். ஆளாளுக்கு ஒரு தாள்.

சரி என்று, ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் போய் பின்னேரம் ஐந்து மணி வரைக்கும் அந்த வீட்டிலேயே இருந்தேன். ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. கொப்பியில் எழுதினேன், அவ்வளவுதான். அன்றைக்கு அவனை இருபத்தாறு தரம் தூக்கினார்கள். மத்தியானச் சாப்பாடு ஏழு நிமிடத்தில் முடிந்தது. அன்புக்கு அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. ராசா, குஞ்சு, என்ர செல்லம் என்று போகிற வருகிற எல்லோரும் கொஞ்சிவிட்டுத்தான் போனார்கள். ஆனால் அந்தப் பதினொரு மணித்தியாலத்தில் அவன் பதில் சொல்லக்கூடியதாக ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. தகப்பன் மட்டும் ஒருக்கால் கேட்டார், "என்னடா, சோறு திண்டியோ?" சின்னவனின் முகம் தகப்பன் பக்கம் திரும்பத் தொடங்கியது, வாய் கோணித் திறக்கிறது, அதற்குள் அம்மம்மா குசினிக்குள் இருந்து: "ஓம், ஓம், திண்டவன்."

அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. அந்த வீட்டில் பிள்ளைக்குக் குறைவாகக் கிடைத்தது பயிற்சி இல்லை, நேரம். இப்படியான பிள்ளைகளுக்கு மனதில் நினைப்பது கைக்கோ கண்ணுக்கோ வந்து சேர நேரம் எடுக்கும். அவசரப்படுத்தினால் உடம்பு இன்னும் இறுகும், இறுகினால் இன்னும் பிந்தும். நாங்கள் இரண்டு செக்கன் பார்த்துவிட்டு "விளங்கேல்லை" என்று முடிவெடுத்து நாங்களே செய்துவிடுகிறோம். நாலு வருடம் அப்படியே போனால் பிள்ளையும் முயற்சியை விட்டுவிடும், விட்டால் என்ன நட்டம், எல்லாம்தான் தானாக வாய்க்கு வருகிறதே.

அம்மம்மாவின் அவசரத்துக்கு ஒரு கதை இருந்தது. அன்று பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது தானாகச் சொன்னார். 1995 ஒக்ரோபர் கடைசியில் யுத்தத்தால் வலிகாமமே இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது, சின்னவனின் தாய் ஏழு வயதுப் பிள்ளை, அவருக்குக் கீழே இன்னும் இரண்டு பேர். மழைக்குள், நாவற்குழிப் பாலம் வரைக்கும் சனம் அடி அடியாக நகர்ந்துகொண்டு போகிறது, தென்மராட்சிக்குப் போய்ச் சேர்ந்தும் பிள்ளைகளுக்குக் கிடைத்ததைக் கிடைத்த நேரத்தில் ஊட்டிப்போட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வேளை எப்போது என்று தெரியாது. "அண்டையில இருந்து எனக்கு ஆறுதலாத் தீத்தத் தெரியாது பிள்ளை" என்றார். இதைக் கேட்ட பிறகு அவருக்குப் புத்தி சொல்லும் குரலில் நான் ஒருநாளும் கதைத்ததில்லை.

முதலில் சாப்பாட்டில் கை வைத்தோம், ஏனென்றால் அதுதான் உயிரோடு சம்பந்தப்பட்டது. அதற்கு முந்திய வருடம் இரண்டு தரம் நியூமோனியா என்று வோட்டில் கிடந்திருக்கிறான். மல்லாக்கக் கிடத்தித் தலையைப் பின்னால் சரித்து ஊட்டினால் சாப்பாடு மூச்சுக்குழாய்ப் பக்கம் போகச் சுகமான பாதை. புரைக்கேறி இருமினால் நல்லது, சில பிள்ளைகளுக்கு இருமல்கூட வராது, சத்தமில்லாமல் நெஞ்சுக்குள் போய்ச் சேரும். இருத்தி ஊட்டவேண்டும், அதற்கு ஒரு இருக்கை வேண்டும்.

இரண்டு வீடு தள்ளி ஒரு தச்சு வேலை செய்கிற ஐயா இருந்தார். ஆஸ்பத்திரிப் பிசியோ தந்த அளவுகளோடு அவரிடம் போனோம். இரண்டு பலகை மூலை மாதிரிச் சேரும் முதுகு, அது தோளை முன்னுக்குக் கொண்டுவரும். இருக்கும் பலகையின் ஆழம் தொடை நீளத்தைவிட ஒரு அங்குலம் குறைவு, உயரம் முழங்காலில் இருந்து குதிக்கால் வரை, பாதம் முழுசாகக் கீழ்ப் பலகையில் பதிய வேண்டும். காலிடையில் ஒரு சின்னக் கட்டை, தொடை ஒன்றோடொன்று பின்னாமல் இருக்க. முன்னால் அரைவட்டம் வெட்டிய ஒரு தட்டு. ரிவிப் பெட்டியோடு வந்த ரெஜிபோம் துண்டுகளை வெட்டி, பழைய நூல் சீலை சுற்றி மெத்தை. ஐயா கூலி வாங்கவில்லை, பலகைக் காசு மட்டும். ஆனால் மூன்று தரம் திருப்பிக் கொண்டுவந்து சீவிக் கொடுத்தார், ஒவ்வொரு தரமும் பிள்ளையை இருத்திப் பார்த்து, தலையைச் சொறிந்து, "இன்னும் கால் இஞ்சி இறக்கவேணும்" என்றபடி.

முதல்நாள் அவன் அதில் பத்து நிமிடம்தான் இருந்தான், அழுகை. அம்மம்மா என்னைப் பார்த்த பார்வை இப்பவும் நினைவில் இருக்கிறது. ஒரு மாதத்தில் அரை மணித்தியாலம். கரண்டியை மேலிருந்து கொண்டுவராமல் முன்னால், நெஞ்சு உயரத்தில் இருந்து கொண்டுவந்தால் நாடி தானாகக் கொஞ்சம் கீழே இறங்கும், விழுங்கச் சுகம். என்ன சாப்பாடு என்பதும் முக்கியம். எங்கள் புட்டு இப்படிப் பிள்ளைக்கு ஆகாது, உதிர்ந்து வாயெல்லாம் பரவும். தனிச் சொதியும் ஆகாது, தண்ணியாய் ஓடிவிடும். இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்துப் பிசைந்தால் அளவான பதம். தடிப்பான குரக்கன் கூழ், பழுத்த பப்பாசி, அவித்து மசித்த பூசணி, மேலே கொஞ்சம் நல்லெண்ணெய். அம்மம்மாவுக்குப் பதம் சொல்லிக்கொடுக்கத் தேவை இருக்கவில்லை. "களி பதம் எண்டு சொல்லன் பிள்ளை, ஏன் சுத்தி வளைக்கிறாய்" என்று எனக்கே சொன்னார். மத்தியானச் சாப்பாடு ஏழு நிமிடத்தில் இருந்து முப்பத்தைந்து நிமிடமாகியது. அது சின்ன விலை இல்லை, அந்த நேரத்துக்காக வேறு ஏதோ ஒரு வேலை பின்னுக்குப் போகிறது. ஆனால் அடுத்த ஒரு வருடத்தில் ஆஸ்பத்திரியில் ஒருநாள்கூடக் கிடக்கவில்லை.

கேள்வி கேட்டுவிட்டுப் பத்துச் செக்கன் பொறுப்பது என்பதை அந்த வீட்டுச் சட்டமாக்கப் பார்த்தேன். இரண்டு கோப்பையைத் தூக்கிப் பிடி, ஒன்றில் தேத்தண்ணி, ஒன்றில் பால், "எது வேணும்?" என்று கேள், வாயை மூடு, கையை ஆட்டாதே, கண்ணைப் பார். பத்துச் செக்கன் எவ்வளவு நீளம் என்று இதைச் செய்து பார்க்காதவர்களுக்குத் தெரியாது. தகப்பனுக்கு நாலாவது செக்கனிலேயே சிரிப்பு வந்துவிடும். அம்மம்மா, "எனக்குச் செக்கன் கணக்குத் தெரியாது" என்றார். சரி அம்மா, மனதுக்குள் பத்துத் தரம் முருகா என்று சொல்லுங்கோ என்றேன். அது வேலை செய்தது. அந்த வீட்டில் மற்ற எல்லோரையும்விட ஒழுங்காகப் பொறுத்தது அவர்தான். ஏழாவது முருகாவில் சின்னவனின் கண் பால் கோப்பையில் போய் நின்றது. "பார் பிள்ளை, பாக்கிறான்!" அவ்வளவு நாளும் அம்மம்மா அவனுக்குத் தேத்தண்ணிதான் பருக்கியிருக்கிறார், அவன் பாதியைத் துப்பிக்கொண்டிருந்திருக்கிறான்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த அக்காக்காரி (அப்போது தரம் 3) வெகு சாதாரணமாகச் சொன்னாள்: "மிஸ், அவன் ஓம் எண்டா மேல பாப்பான். வேண்டாம் எண்டா கண்ணை மூடுவான்." எப்ப இருந்து? "முந்தியே. நாங்கள் பள்ளிக்கூடம் விளையாடேக்க." ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை? "ஒருத்தரும் கேக்கேல்லையே." நான் பதினொரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், ஒவ்வொரு வீட்டிலும் தாயைக் கேட்பேன், தகப்பனைக் கேட்பேன், சகோதரங்களைக் கேட்டதில்லை. அன்றோடு அந்தப் பழக்கத்தை மாற்றினேன். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் அரை மணித்தியாலம் இப்போது சின்னப் பிள்ளைகளோடுதான்.

அவள் சொன்ன ஓமும் வேண்டாமும் வைத்துப் படப் பலகை செய்தோம். வீட்டுச் சாமான்களையும் ஆட்களையும் போனில் படமெடுத்து, சந்திக் கொமினிக்கேசனில் பிரதி எடுத்து, லெமினேற் பண்ணி, மட்டையில் ஒட்டி. தண்ணி, சாப்பாடு, ரொயிலற், அக்கா, தோட்டம், நோகுது, போதும், வேற ஏதோ. கடைசிப் படம் வெறும் கேள்விக்குறி, அதுதான் அதிகம் வேலை செய்தது. இந்தக் காலத்தில்தான் காதும் கண்ணும் பரிசோதித்தோம். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளில் இந்த இரண்டும் பழுதாக இருப்பது சாதாரணம், ஆனால் "மந்தம்" என்று சொல்கிற வேகத்தில் அதைப் பார்ப்பதில்லை. காதில் ஒரு பழுதும் இல்லை. கண்ணுக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. கண்ணாடி போட்ட முதல் கிழமை முழுக்க அவன் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தானாம்.

பிறகு தண்ணித் தாங்கிக் கதை. கிணற்றடியில் உயரத்தில் ஒரு கறுப்புத் தாங்கி. மோட்டரைப் போட்டுவிட்டு எல்லோரும் மறந்துபோவார்கள், தாங்கி நிரம்பி வாழையடியில் வழியும். மின்கட்டணம் 2022 ஓகஸ்ட்டிலும் 2023 பெப்ரவரியிலும் அடுத்தடுத்து ஏறின காலம், பில் வரும்போதெல்லாம் தாய்க்கும் தகப்பனுக்கும் இதனால் வாக்குவாதம். ஒருநாள் விறாந்தையில் தன் மூலைக் கதிரையில் இருந்த சின்னவன் "ஆ... ஆ..." என்று கத்தியிருக்கிறான். பசியாக்கும் என்று தாய் ஓடிவந்து படப் பலகையை நீட்டினால், எல்லாப் படத்துக்கும் கண்ணை மூடுகிறான், கேள்விக்குறிக்கு மேலே பார்க்கிறான், பிறகு முகத்தைக் கிணற்றடிப் பக்கம் திருப்புகிறான். தண்ணி வழிகிற சத்தம்.

அன்றிலிருந்து அது அவன் வேலை. மோட்டர் போடும்போது "தம்பி, மோட்டர் போட்டிருக்கு, பாத்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நிரம்பினால் கூப்பிடுவான். தகப்பன் முதல் இரண்டு கிழமை வேண்டுமென்றே தானும் காது கொடுத்து இருந்தாராம், பிறகு விட்டுவிட்டார். பக்கத்து வீட்டு மோட்டரை நிற்பாட்டச் சொல்லியும் கத்துகிறான் என்பது வேறு கதை, அந்த வீட்டாருக்கு அது பிடிக்கவும் செய்கிறது. பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் குரலை நீட்டிப் பிடிக்கப் பழக்கச் சொல்லியிருந்தார், ஊதல், குமிழி விளையாட்டு என்று. அதற்கெல்லாம் அவன் மசியவில்லை. தாங்கிக்காக மூச்சைப் பிடித்துக் கூப்பிடக் கூப்பிட, இரண்டு செக்கன் நின்ற குரல் ஐந்து செக்கன் நின்றது. நான் கொடுத்த அந்தப் பன்னிரண்டு பயிற்சித் தாளில் இப்படி ஒன்றும் இல்லை. அதை நான் கிழித்துப்போட்டேன். நிற்பதற்கென்று தனியாக நேரம் வைக்காமல், வெங்காயம் பிடி கட்டும் கொட்டிலில், பிள்ளையைத் தாங்கி நிற்கவைக்கும் சட்டத்தைக் கொண்டுபோய் வைத்து, எல்லோரும் வேலை செய்ய அவனும் அங்கே நிற்பான், வலது கையால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பேசினுக்குள் விழுத்துவான். பாதி வெளியில் விழும்.

எல்லாம் நல்லபடி நடந்தது என்று நினைக்கவேண்டாம். 2024இல் மூத்தவளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை. எங்கள் ஊரில் தரம் 5 என்றால் தெரியும்தானே, பள்ளிக்கூடம் விட்டால் ரியூசன், ரியூசன் விட்டால் மாதிரி வினாத்தாள். அந்த வருடம் அவள் ஒருநாள் தம்பியின் படப் பலகையை எடுத்துக் கிணற்றுக்குள் போட்டுவிட்டாள். தாய் அடித்தார். பிறகு நான் போனபோது அவள் சொன்னது: "தம்பி கத்தினா எல்லாரும் ஓடி வருவினம், நான் கூப்பிட்டா பொறு எண்டுவினம்." பத்துச் செக்கன் பொறுக்கச் சொல்லிக்கொடுத்த நானே இதைக் காணவில்லை. இவளுக்கென்று ஞாயிறு பின்னேரங்களைத் தகப்பன் ஒதுக்கினார், தம்பி இல்லாமல் சைக்கிளில் இரண்டு பேரும் கீரிமலைக்கோ கடைக்கோ போவார்கள். தம்பிக்குக் காவல் வைப்பது அவளுடைய கடமை இல்லை என்பதை வீட்டில் வாய்விட்டுச் சொல்லவைத்தேன். படப் பலகை புதிதாகச் செய்தபோது அவளே படம் தெரிவுசெய்தாள், தன்னுடைய படத்தை முதலாவதாக வைத்தாள்.

வெளியில் கொண்டுபோவதிலும் வீட்டுக்குள் இழுபறி இருந்தது. அயலில் "கைதடியில விடலாம்தானே" என்பார்கள். கைதடியில் இருக்கும் நவீல்ட் பாடசாலை செவிப்புலன், விழிப்புலன் இழந்த பிள்ளைகளுக்கானது, இவனுக்கு அது பொருந்தாது. ஆனால் எங்கள் சனத்துக்குக் கைதடி என்றால் எல்லாக் குறைக்கும் ஒரே விலாசம். 2023 நல்லூர்த் திருவிழாவுக்குத் தகப்பன் அவனைத் தூக்கிக்கொண்டு போனார். நேர்த்திக்காக இல்லை, சும்மா, ஐஸ்கிறீம் குடிக்க. ஒரு வயதான அம்மா நின்று, "ஐயோ பாவம், என்ன கர்மமோ" என்றார். தகப்பன் சண்டைக்குப் போகவில்லை, "அம்மா, அவனுக்குக் கேக்கும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இதை எனக்குச் சொன்னபோது அவருக்குக் குரல் கொஞ்சம் கம்மியது.

பள்ளிக்கூடம் இன்னும் தீராத விசயம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத்திறன் என்ற காரணத்துக்காக ஒரு கல்வி நிறுவனமும் அனுமதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையையும் இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. இதெல்லாம் எனக்குப் பாடம். ஆனால் விசேட கல்வி அலகு உள்ள பள்ளிக்கூடம் ஒன்றில் வாசலிலேயே நாலு படி, ரொயிலற் மற்றப் பக்கம், "தாய் கூடவே இருக்கிறதெண்டா விடலாம்" என்கிறார்கள். ஆசிரியரைப் பிழை சொல்லமுடியாது, அவர் ஒருவர், பிள்ளைகள் பதினாலு பேர். ஆனால் தாய் முழுநாளும் அங்கே இருந்தால் தோட்டம் ஆர் பார்ப்பது? இப்போதைக்குக் கிழமையில் மூன்று நாள், எட்டரையில் இருந்து பத்தரை வரைக்கும். படிக்கு மரத்தால் ஒரு சாய்வு செய்துகொடுக்க அதே தச்சு ஐயா முன்வந்தார், அனுமதி கேட்டுக் கொடுத்த கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. மாற்றுத்திறனாளிக்கான மாதக் கொடுப்பனவு அஸ்வெசும என்ற அரச நலன்புரித் திட்டத்தில் 5000 ரூபாயில் இருந்து 2024இல் 7500 ஆகி, 2025இல் 10000 ஆனது. இவர்களுக்கு அது கிடைக்க ஒரு கையெழுத்துக்காக எட்டு மாதம் அலைந்தோம், எந்தக் கந்தோர் என்று எழுதவில்லை.

2025 கடைசியில் சின்னவனுக்கு ஏழு வயது. நடக்கமாட்டான், நடப்பான் என்று நான் ஒருநாளும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அதற்காக முதல் வருடம் தகப்பன் என்னோடு கொஞ்சம் கோபம். வலது இடுப்பு மூட்டு விலகத் தொடங்கியிருப்பது போன வருட எக்ஸ்றேயில் தெரிந்தது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு வருவதுதான், கிரமமாக எக்ஸ்றே எடுத்துக்கொண்டே இருந்தால் பிந்தாமல் பிடிக்கலாம். ஒப்பரேசன் தேவைப்படலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். எடை கூடிவிட்டது, நல்லதுதான், ஆனால் தாயின் முதுகு போய்விட்டது. இப்போது அவர் தனியக் குனிந்து தூக்கவேண்டாம் என்று இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் முறை பழக்கியிருக்கிறேன், தகப்பன் தோட்டத்தில் நிற்கும்போது அது நடப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

போன கிழமை போனபோது அவனைப் பார்த்து "எப்பிடிடா, பள்ளிக்கூடம் பிடிச்சிருக்கோ?" என்று கேட்டுவிட்டு, பையைத் திறந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டே தாயோடு கதைக்கத் தொடங்கிவிட்டேன். பின்னால் இருந்து அம்மம்மாவின் குரல்: "பிள்ளை, அவன் இன்னும் மறுமொழி சொல்லேல்லை." திரும்பினேன். அம்மம்மாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது, எத்தனையாவது முருகாவோ. கடைசியில் சின்னவன் கண்ணை மூடினான். பிடிக்கவில்லையாம். ஏன் என்று கண்டுபிடிக்க இன்னும் கால்மணித்தியாலம் எடுத்தது: அங்கே அவனை இருத்துகிற கதிரையில் கால் தொங்குகிறது.

மூலைக் கதிரையின் கால் பலகையையும் இரண்டு இஞ்சி இறக்கவேண்டும், வளர்ந்துவிட்டான். தச்சு ஐயாவிடம் சொல்லியிருக்கிறேன், பள்ளிக்கூடத்துக்கும் ஒன்று சேர்த்துச் செய்யச் சொல்லி. பலகை விலை கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.